மட்டக்களப்பிலிருந்து மின்சாரக் காரில் நெடும்பயணம்: விரைவுச் சார்ஜர் அரிதான பாதைகளுக்கு எப்படித் திட்டமிடுவது

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு அன்றாட ஓட்டம் ஒரு சுமையே அல்ல. இரவில் வீட்டுப் பிளக்கில் போட்டுவிட்டால் காலையில் கல்முனைக்கோ வாழைச்சேனைக்கோ போய்த் திரும்பலாம். பாதை சமதரை, தூரமும் குறைவு. கொழும்பில் ஒரு கல்யாணம், பேராதனையில் பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதி, பதுளையில் ஒரு மரண வீடு என்று நெடுந்தூரம் புறப்பட வேண்டிய நாளில்தான் யோசனை தொடங்குகிறது. விரைவுச் சார்ஜர்கள் பெரும்பாலும் மேல் மாகாணத்திலும் அதிவேக வீதிகளிலும் கண்டி போன்ற பெரிய நகரங்களிலும் குவிந்துள்ளன. கிழக்கை நோக்கி வர வர அவை அருகிப்போகின்றன. இருக்கும் இடத்திலும் பல வேளைகளில் ஒற்றை இயந்திரம்தான் நிற்கிறது. அந்த ஒன்று பழுதானால் அன்றைய பயணம் அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே நான் பின்பற்றும் முறை, பயணத்தை ஓர் இரவிலிருந்து அடுத்த இரவு வரை கணக்கிடுவதாகும். கார் எந்த வீட்டு முற்றத்தில், எத்தனை மணித்தியாலம் சாதாரண பிளக்கில் நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, விரைவுச் சார்ஜரை அந்தத் திட்டத்துக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். நான் ஓட்டுவது 40 கிலோவாட் மணித்தியாலப் பற்றரி கொண்ட, ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த நிசான் லீஃப். கீழே தரும் எண்கள் அந்தக் காருக்குரியவை. உங்கள் காருக்கு அவற்றை எப்படி மாற்றிக்கொள்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் காரை அளந்துகொள்ளுங்கள்

பற்றரியின் அளவைக் குறிக்கும் கிலோவாட் மணித்தியாலம் என்பது மின்சாரப் பட்டியலில் நாம் காணும் அதே ‘அலகு’தான். புதிதாக இருந்தபோது 40 அலகு கொண்ட பற்றரியிலிருந்து இன்று ஓட்டத்துக்குக் கிடைப்பது 34 அலகு அளவே என்று என் கணக்கு. லீஃப் காரில் பற்றரியின் உடல்நிலையைக் காட்டும் 12 கோடுகள் உள்ளன. முதற் கோடு அணைவதற்குள்ளேயே ஏறத்தாழ 15 சதவீதக் கொள்ளளவு போயிருக்கும் என்பதால், ஒரு கோடுதானே என்று எண்ணிவிடக் கூடாது. காரின் கணினியிலுள்ள விவரங்களை வாசிக்கும் சிறிய ஓபிடி கருவி ஒன்றைப் பொருத்தி ‘லீஃப் ஸ்பை’ செயலியில் பார்த்தால் இந்த விவரங்கள் எண்ணாகவே கிடைக்கும்.

கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. காரை நூறு சதவீதம் நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி, குளிரூட்டியைப் போட்டு, மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்புங்கள். கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று ஊர்களின் நடுவே செல்லும் இந்த ஏறத்தாழ 130 கிலோமீற்றர் ஓட்டத்தில் நெரிசலும் உண்டு, வெளியான இடங்களும் உண்டு. ஒரு சாதாரண நாளின் ஓட்டத்துக்கு இது நல்ல மாதிரி. திரும்பியதும் செலவான சதவீதத்தால் ஓடிய தூரத்தை வகுத்துப் பாருங்கள். எனக்கு ஒரு சதவீதத்துக்கு 2.2 கிலோமீற்றர் வந்தது. அந்த ஒற்றை எண்ணைக் குறித்து வைத்தாற் போதும், மீதிக் கணக்குகள் எல்லாம் அதிலிருந்தே வரும். இன்னும் இத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்று முகப்பு காட்டும் எண்ணை நம்பித் திட்டமிட வேண்டாம். அது சற்று முன் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துச் செய்யும் ஊகம். டவுனுக்குள் மெதுவாக ஓடியபின் அதிகமாகவும், மலையேறியபின் மிகக் குறைவாகவும் காட்டும்.

24 அலகுப் பற்றரியோடு வந்த முதற் தலைமுறை லீஃப் வைத்திருந்து, அதில் மூன்று நான்கு கோடுகளும் போயிருந்தால், அந்தக் காரைக் கொழும்புப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஊருக்குள் அது இன்னும் பல ஆண்டுகள் நன்றாக உழைக்கும்; நெடுந்தூரத்துக்குப் பஸ்ஸோ புகையிரதமோ இருக்கிறது.

வேகம், காற்று, ஏற்றம்

வேகத்தின் செலவு பலர் எண்ணுவதிலும் பெரியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மணிக்கு 70 கிலோமீற்றரில் இருக்கும் எதிர்ப்பு 100 கிலோமீற்றரில் இரண்டு மடங்காகிவிடுகிறது. வெலிக்கந்தையைத் தாண்டிய நேரான வீதியில் கால் தானாகவே அழுந்தும். 60, 65 இல் நிலையாக ஓட்டினால் ஒரு முழுச் சார்ஜில் 15, 20 கிலோமீற்றர் கூடக் கிடைப்பதை நானே பல தடவை கண்டிருக்கிறேன்.

நம் ஊருக்கேயுரிய இன்னொன்று கச்சான் காற்று. மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட காற்று, பொலநறுவையை நோக்கிப் போகும்போது நேர் எதிரே வரும். கார் மணிக்கு 60 இல் ஓட, எதிர்க்காற்று 20 இல் வீசினால், காற்றைப் பொறுத்தவரை கார் 80 இல் ஓடுகிறது. அந்த மாதங்களில் மேற்கே போகும் பயணத்துக்கு நான் தேவையான சதவீதத்தோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்கிறேன். அல்லது காற்று எழுவதற்கு முன், விடியற்காலை நான்கரை மணிக்கே புறப்பட்டு விடுகிறேன். வெயில் இல்லாத அந்நேரத்தில் குளிரூட்டியின் செலவும் மிச்சம்.

ஏற்றத்துக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. நான்கு பேரும் பொதிகளும் சேர்ந்து என் கார் ஏறத்தாழ 1,850 கிலோகிராம். அந்தப் பாரத்தை 1,000 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 5 அலகு வேண்டும். மோட்டரிலும் பற்றரியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் ஆறு அலகை நெருங்கும். என் பற்றரியில் அது 17 சதவீதம். அதாவது ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும், ஓடும் தூரத்துக்கான செலவுக்கு மேலே, 1.7 சதவீதம் போகிறது. இறங்கும்போது மோட்டர் மின்னாக்கியாக மாறி அதில் பாதிக்குச் சற்று மேல் திருப்பித் தரும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதுளைப் பாதையில் கணக்குப் போடும் விதம்

செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளை போக ஏறத்தாழ 160 கிலோமீற்றர். ஒரு சதவீதத்துக்கு 2.2 கிலோமீற்றர் என்றால் தூரத்துக்கு மட்டும் 73 சதவீதம். பதுளை கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடற்கரையிலிருந்து புறப்படுகிறோம். ஆக ஏற்றத்துக்கு 12 சதவீதம். லுணுகலைக்கும் பதுளைக்கும் இடையில் வீதி ஏறி இறங்கி மீண்டும் ஏறுவதற்கு இன்னுமொரு ஐந்து. மொத்தம் 90. காகிதத்தில் இது போதும் போலத் தோன்றும். ஆனால் எதிர்க்காற்றோ மழையோ வீதித் திருத்த வேலையோ வந்தால் பசறைக்கு மேலே, இருட்டில், கார் நின்றுவிடும். எனவே பிபிலையில் ஒரு சாப்பாட்டு விடுதியிலோ தெரிந்தவர் வீட்டிலோ இரண்டு மணித்தியாலம் பிளக்கில் போட்டு, மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்கிறேன். அந்த இரண்டு மணித்தியாலத்தில் 12 சதவீதம் ஏறும்; பதுளையை 20 சதவீதத்துக்குக் குறையாமல் அடையலாம். அன்றே பண்டாரவளை வரை போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். 30 கிலோமீற்றர்தான் என்றாலும் இன்னும் 500 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும்.

திரும்பும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நூறு சதவீதம் நிரம்பிய பற்றரியால் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள முடியாது. அந்நேரம் மோட்டர் காரைப் பிடித்து நிறுத்தும் உணர்வும் குறைந்து, பாரம் முழுவதும் பிரேக்கில் விழும். ஆகவே மலைநாட்டிலிருந்து இறங்கும் நாளில் 90 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு, கியரை, மோட்டரே காரைக் கூடுதலாகப் பிடித்து மெதுவாக்கும் ‘B’ நிலையில் வைத்து இறங்குவது பிரேக்குக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. கண்டியிலிருந்து பதினெட்டு வளைவு வழியே மகியங்கனைக்கு இறங்குவோருக்கும் இதுவே பொருந்தும்.

கொழும்புப் பாதை

மட்டக்களப்பிலிருந்து ஹபரணை ஏறத்தாழ 140, தம்புள்ளை 165, குருநாகல் 220, கொழும்பு 315 கிலோமீற்றர். முழுச் சார்ஜில் புறப்பட்டால் நான் தம்புள்ளையை அடையும்போது 25 சதவீதம் மீதியிருக்கும். அங்கே விரைவுச் சார்ஜர் வேலை செய்தால் 80 வரை ஏற்றிக்கொண்டு கொழும்பு போய்ச் சேரலாம். வேலை செய்யாவிட்டால்? குருநாகல் அங்கிருந்து 55 கிலோமீற்றர். அதற்கு வேண்டியதும் அதே 25 சதவீதம். கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கேள்வியை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு விரைவுச் சார்ஜரை அடையும்போது, அது இயங்காவிட்டாலும் அடுத்த சார்ஜருக்கோ இராத் தங்கும் இடத்துக்கோ போகப் போதுமான சார்ஜும், அதற்கு மேல் 10 சதவீதமும் மீதி இருக்க வேண்டும் என்பது என் கட்டாய விதி.

இந்த விதியை நான் கற்றது ஒரு மாலை வேளையில். செயலியில் பச்சை நிறத்தில் ‘இயங்குகிறது’ என்று காட்டிய ஒரு நிலையத்துக்கு 9 சதவீதத்தோடு போய்ச் சேர்ந்தேன். வாயிற்கதவு பூட்டியிருந்தது, காவலாளிக்குச் சார்ஜரைப் பற்றி எதுவும் தெரியவில்லை. பின் இருக்கையில் அம்மா களைத்துப் படுத்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தன் கடைப் பிளக்கைத் தந்து இரவு பத்து மணி வரை கடையைத் திறந்து வைத்திருந்தார். அவருடைய நல்ல மனதை நான் மறக்கவில்லை. ஆனால் முதிய தாயை அந்த நிலையில் காக்க வைத்தது என் கணக்கில் நான் விட்ட பிழை.

எனவே இந்தப் பாதையில் பொலநறுவையில் இரண்டு மணித்தியாலம் தங்கி, விருந்தினர் விடுதி ஒன்றில் முன்பே பேசிவைத்த பிளக்கில் 12 சதவீதம் அளவு ஏற்றிக்கொள்கிறேன். கொழும்பில் அவசர வேலை இல்லாவிட்டால் குருநாகலில் ஓர் இரவு தங்கிப் போவது இன்னும் நிம்மதி. மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையில் 2022 இல் திறக்கப்பட்ட அதிவேக வீதியில் ஏறுவோர், அங்கே 100 இல் ஓட்டினால் செலவு எவ்வளவு கூடும் என்பதை மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையிலும், வெலிக்கந்தைப் பக்கத்திலும் அந்தி சாய்ந்தால் யானைகள் வீதிக்கு வரும். பொத்துவிலிலிருந்து லகுகலை வழியாகச் சியம்பலாண்டுவைக்குப் போகும் வீதியும் அப்படியே. சார்ஜ் தீர்ந்து வழியில் நிற்பது அவ்விடங்களில் உயிராபத்து. மார்கழி, தை மாதங்களில் மகாவலி பெருகி மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூடப்பட்டால் திருகோணமலை வழியாகச் சுற்றிப் போக வேண்டிவரும். ஹபரணைக்கு 140 என்றிருந்த தூரம் 220 கிலோமீற்றர் அளவாகிவிடும் என்பதால், அந்த நாட்களில் திருகோணமலையில் இரவு தங்குவதற்கு ஒரு வீட்டைச் சொல்லி வைத்திருங்கள்.

சாதாரண பிளக்கில் சார்ஜ் செய்வது

உண்மையில் நம் நெடும்பயணத்தைச் சாத்தியமாக்குவது இதுதான். ஆகவே இதில் மிகுந்த கவனம் வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். சார்ஜ் கேபிள் 10 அம்பியர் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 2.3 அலகு. பத்து மணித்தியாலத்தில் 23 அலகு மானியில் ஓடும். இழப்புப் போகப் பற்றரியில் சேர்வது 20 அலகு. என் காருக்கு அது 130 கிலோமீற்றர் ஓட்டம்.

கேபிளின் பெட்டியில் ஒட்டியிருக்கும் விவரத்தை முதலில் வாசியுங்கள். ஜப்பானியக் கார்களோடு வருவது 200 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டதாக இருக்கும். நம் நாட்டு மின்சாரத்துக்கு உரியதாகக் குறிக்கப்பட்ட கேபிளையே பயணத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய வீடுகளில் உருண்டை முனைகொண்ட 15 அம்பியர் பிளக்கும், புதிய வீடுகளில் சதுர முனைகொண்ட 13 அம்பியர் பிளக்கும் இருப்பதால், இரண்டுக்கும் பொருந்தும் மாற்றிகளைத் தடித்த வயரில் நல்ல மின்னியலாளரைக் கொண்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீட்டு வயர் தேவைப்பட்டால் அதைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும். சுருட்டியபடியே மணிக்கணக்கில் மின்சாரம் ஓடினால் அது சூடேறி உருகும். அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே சுவிட்சை நிறுத்திவிடுங்கள்.

சில வீடுகளில் எர்த் இணைப்பு அறுந்திருக்கும், அல்லது ஒருபோதும் போடப்பட்டிராது. அப்போது கேபிள் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறாது. எர்த் முனையை வேறு முனையோடு இணைத்துப் பெட்டியை ஏமாற்றும் வழியைச் சிலர் சொல்லித் தருகிறார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் காரின் உலோக உடலைத் தொடும் குழந்தைதான் அதற்கு விலை கொடுக்கும். வேறு வீட்டைத் தேடுங்கள்.

மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை நாடெங்கும் மின்பாவனை உச்சத்தில் இருக்கும். மின்கம்பி வரிசையின் கடைசியிலுள்ள கிராம வீடுகளில் அந்நேரம் வோல்ற்றளவு விழுந்து சார்ஜ் இடையில் நின்றுபோவதும் உண்டு. பத்தரைக்குப் பின் தொடங்கினால் காலை ஐந்தரைக்குள் 14 அலகு பற்றரியில் சேரும். தண்ணீர் மோட்டரும் அயன்பெட்டியும் காரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லுங்கள். பகலில் கடையிலோ விடுதியிலோ சார்ஜ் செய்வதாகத் திட்டமிட்டால், ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் மனதிற்கொள்ளுங்கள்.

விரைவுச் சார்ஜரை நாடும்போது

முதற் கேள்வி பிளக்கின் வகை. பழைய ஜப்பானிய லீஃப் கார்களுக்கு விரைவுச் சார்ஜுக்குச் சாடெமோ, மெதுவான சார்ஜுக்கு டைப் 1. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின் வந்த பிவைடி போன்ற கார்களுக்கு சிசிஎஸ் 2. சீனச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கார் என்றால் ஜிபிடி வகையாக இருக்கலாம். பிளக்ஷேர் போன்ற செயலிகளில் உங்கள் வகையை மட்டும் தெரிவுசெய்து தேடுங்கள். ஆனால் அத்தோடு நின்றுவிடாமல் புறப்படும் அன்று காலையில் தொலைபேசியில் அழைத்து, இன்று இயங்குகிறதா, என் காரின் பிளக் இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், பணம் எப்படிச் செலுத்துவது என்று நான்கையும் கேட்டுவிடுங்கள். செயலி வழியாகப் பணம் கட்டும் நிலையம் என்றால் அதை வீட்டிலிருந்தே பதிவுசெய்து காசும் போட்டு வையுங்கள்.

80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் பெரிதும் குறையும். பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது அதற்கு மேல் நிற்பது அவருக்கும் நமக்கும் நேர நட்டம். லீஃப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. வெயிலில் ஓடி, விரைவாகச் சார்ஜ் செய்து, மீண்டும் ஓடி, இரண்டாம் தடவை சார்ஜ் செய்தால் வெப்பமானி சிவப்பை நெருங்கி, சார்ஜ் ஏறும் வேகத்தைக் காரே குறைத்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு விரைவுச் சார்ஜ் என்று திட்டமிட்டு, மதிய வேளையில் மர நிழலில் நிறுத்துங்கள். மின்சாரம் தடைப்பட்டால் இந்த இயந்திரங்களும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனது போன்ற நாளில், மீதியாக வைத்திருக்கும் அந்தப் பத்துச் சதவீதம்தான் குடும்பத்தை ஒரு பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு சேர்க்கும்.

சார்ஜ் தீரப்போவதைக் காட்டும் ஆமை வடிவ விளக்கு முகப்பில் எரிந்துவிட்டால் கார் இன்னும் சிறிது தூரமே நகரும். வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தில் உடனே நிறுத்துங்கள். லீஃப் முன்சக்கரங்களால் ஓடுவது. அந்தச் சக்கரங்கள் வீதியில் உருளும்படி கயிறு கட்டி இழுத்தால் மோட்டர் பழுதாகும். தட்டையான லொறியில் ஏற்றித் தரும் சேவை உங்கள் காப்புறுதியில் அடங்குமா, அது கிழக்கு மாகாணத்துக்கும் வருமா என்று புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பிளக் தந்தவருக்குக் கொடுக்க வேண்டிய காசு. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதத்தில் 180 அலகைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் மிக உயர்ந்த விலைக்குப் போகும். நாம் எடுக்கும் 20 அலகு அவருடைய பட்டியலில் அந்த மேற்படியில்தான் போய் விழும் என்று கருதி, மானியைத் தொடங்கும் போதும் முடிக்கும் போதும் அவரோடு சேர்ந்து வாசித்து, அந்த உயர்ந்த விலைக்கே கணக்குப் பார்த்துக் கொடுங்கள். உறவினர் காசு வாங்க மறுத்தால் நான் போகும்போது கட்டித்தயிரும் முந்திரியும் கொண்டுபோகிறேன். மானி எண்களையும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அதே பாதையில் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தே கணக்கைத் தொடங்கலாம்.